முந்தானை மடிப்பில் ஒரு வரைபடம்

அந்த மே மாதம் தி. நகரில் அடித்த வெயிலில், ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மை ஒன்று தானாகவே இரண்டடி தள்ளி நிழலில் நின்றுகொண்டதை என் கண்ணால் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. எழுபத்திரண்டு வயதுக்காரன் ஒருவனை நம்பாமலிருக்க ஊரில் எல்லாருக்கும் உரிமை உண்டு.

அந்தக் கடையின் முதலாளி வெள்ளைத்துரைதான் எங்களை வரச்சொல்லியிருந்தார். கடைக்குப் பின் தெருவில் வீடு. வாசலில் நின்ற டிரைவர் முருகன், எங்களை வரவேற்கும் முகமாகக் கேட்டைச் சாத்தினான்.

“இன்னா பெர்சு, எங்க வர்றே?”

“உன் முதலாளிதான்ப்பா கூப்பிட்டிருக்கார். இவ மெஹக், துப்பறியறவ. நான் கிச்சா, மயிலாப்பூர். இவளுக்கு அசிஸ்டெண்ட்.”

அவன் மெஹக்கை மேலும் கீழும் பார்த்தான். “லேடீஸா?”

“பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டியே! அப்போ நாங்க எதுக்கு?”

“வாய் ஜாஸ்தியா கீது. செருப்ப அங்க கயட்டு.”

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைத்துரை எங்களை உட்காரச் சொல்லவில்லை. நாங்களாக உட்கார்ந்தோம். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, மேல் பையில் இரண்டு செல்போன்கள். ஒன்று பளபளப்பானது; மற்றது பட்டன் வைத்த பழசு, ரப்பர் பேண்ட் சுற்றியது.

“நேத்து போன்ல சொன்னதுதான். என் அண்ணன் வெள்ளைச்சாமி. ராஜபாளையத்துக்கு மேக்கே மலையடிவாரத்துல எங்க அப்பா விட்டுட்டுப்போன மேய்ச்சல் காடு இருக்கு, நூத்திப் பத்து ஏக்கர். அதுல அறுபத்து மூணு மாடு வச்சு மேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. ஆறு நாளா ஆளையும் காணோம், மாட்டையும் காணோம். நாளைக்குள்ள கண்டுபிடிச்சாகணும்.”

“நாளைக்கு என்ன?” என்றாள் மெஹக்.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கோர்ட்டு அனுப்புத வக்கீல் கமிஷனர் காட்டைப் பாக்க வாராரு. அப்பா உயில்ல எழுதிவச்சது அப்படி. அங்க மாடு மேயிற வரைக்கும் காட்டை விக்கக் கூடாது. மாடு இல்லைன்னா ரெண்டு பேரும் பிரிச்சுக்கலாம். நாளைக்கு அங்க அண்ணன் மாட்டோட நிக்கலைன்னா காடு போயிரும். அண்ணனுக்கு அதுதான் உயிரு. அதனால தேடுதேன்.”

ஒரு தம்பி அண்ணனுக்காக இவ்வளவு உருகி நான் பார்த்ததில்லை. உருகும்போது கொட்டாவி விட்டும் பார்த்ததில்லை.

“அண்ணன் எப்பவும் மாட்டுக்காரர்தானா?”

“பொறந்ததுல இருந்து மாடுதான். வேறென்ன தெரியும் அவருக்கு?”

அப்போது உள்கதவு திறந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கையில் செப்புச் செம்புடன் வந்தாள். வெள்ளைச்சாமியின் மனைவி பேச்சியம்மாள். ‘தனியாக இருக்க வேண்டாம்’ என்று மூன்று நாள் முன்பு காரில் வைத்துக் கூட்டி வந்தாராம் வெள்ளைத்துரை. அவள் நின்ற நிற்பைப் பார்த்தால், கூட்டி வந்ததாகத் தெரியவில்லை. ஏற்றி வந்ததாகத்தான் தெரிந்தது.

“உங்க வீட்டுக்காரரைத் தேடத்தான் வந்திருக்கோம்மா,” என்றேன்.

“இவுக காசுக்குத்தான வந்திருக்கீக? தேடுங்க, தேடுங்க. வந்தவுகளுக்குத் தண்ணி குடுக்காம விட்ட பாவம் எனக்கு வேண்டாம்.” செம்பை எங்கள் முன்னால் இருந்த மேசையில் ‘ணங்’கென்று வைத்தாள். என் வாழ்நாளில் இவ்வளவு வெறுப்போடு யாரும் எனக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை. மயிலாப்பூரில் கூட.

மேசையில் ஒரு வரைபடம் மடித்து வைத்திருந்தது. மலைப்பகுதிகளுக்கு அரசாங்கம் அச்சடிக்கும் சர்வே தாள். வெள்ளைத்துரையின் ஆட்கள் அண்ணனின் மாட்டுப்பட்டியில் கண்டெடுத்து, பிரித்துப் பார்த்துவிட்டு, இருந்த மடிப்புத் தடத்திலேயே மடித்து அனுப்பியது. மெஹக் அதை உடனே பிரிக்கவில்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் செம்பைத் தூக்கிவிட்டு, மேசை முழுக்க விரித்தாள்.

மெஹக்கின் அப்பா சஃப்வான் நாற்பது வருஷம் வரைபடம் வரைந்தவர். அவள் குழந்தையாக இருந்தபோது தாளில் எங்கே எறும்பு ஊர்ந்தாலும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவாள் என்பார். அது பொய் என்று எனக்குத் தெரியும். எறும்பு சமதளத்திலும் போகும்.

பேச்சியம்மாள் செம்பை எடுத்து, விரித்த தாளின் கீழ்ப்பக்கம் இடது மூலையில் வைத்தாள்.

“மதினி! படத்து மேல எதுக்குச் செம்பு? எடுங்க,” என்றார் வெள்ளைத்துரை.

எடுத்தாள். மின்விசிறிக் காற்றில் தாளின் அந்த மூலை எழும்பியது. மறுபடி அங்கேயே வைத்தாள்.

“பறக்குல்லா. வேற எதை வைக்க? உங்க தலையவா?”

வடக்குப் பக்கம், தாளின் மேலே, பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது. வெள்ளைத்துரை அதைக் குத்திக் காட்டினார்.

“இதான் அவர் போன இடம். மூணு நாளா என் ஆளுங்க பதினஞ்சு பேரு அங்கதான் தேடுதாங்க. ஒரு சாணி கூடக் கிடைக்கலை.”

“கிடைக்காது,” என்றாள் மெஹக். “இந்தப் பழுப்புக் கோடெல்லாம் பாருங்க. ஒவ்வொரு கோடும் ஒரே உயரம். கோடு தள்ளித் தள்ளி இருந்தா சரிவு மெதுவா ஏறுது. ஒட்டி இருந்தா செங்குத்து. வட்டத்துக்குள்ள கோடுங்க தீப்பெட்டிக் குச்சி மாதிரி அடுக்கியிருக்கு. அங்க ஆடு ஏறும், மாடு ஏறாது.”

“என் அண்ணன் ஏத்துவாரு.”

“தண்ணி? அங்க ஓடற ஓடையைப் பாருங்க, கறுப்புக் கோடு. இந்தத் தாள்ல கறுப்புன்னா காய்ஞ்ச ஓடை, மழை பெய்ஞ்சா மட்டும் ஓடும். நீலம்னாதான் வத்தாத தண்ணி. மே மாசத்துல அறுபத்து மூணு மாட்டைக் கறுப்புக் கோட்டுக்கு ஓட்டிண்டு போனா, ரெண்டாம் நாள் எலும்பைத்தான் எண்ணணும். மாடு வச்சிருக்கிறவர் பண்ணற காரியமா இது?”

“ஓட்டிண்டு” என்று அவள் சொன்னது என்னோடு பத்து வருஷம் பழகிய தோஷம். மன்னித்துவிடுங்கள்.

“அப்போ வட்டம்?”

“பொய். யாரோ நம்மளை வடக்கே அனுப்பப் போட்ட வட்டம். யாருன்னும் சொல்றேன்.” மெஹக் எழுந்தாள். “சர்வேக்காரங்க தாளை விசிறி மாதிரி மடிப்பாங்க. மாட்டுக்காரர் நாலா மடிச்சு மடியில சொருகுவார். இது எப்படி மடிச்சிருந்தது? நீளவாக்குல ரெண்டு, அதுல ரெண்டு, குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு மூணு மடிப்பு, கடைசி ஓரத்தை உள்ள செருகி, நல்ல கலரா பச்சைக் காடு இருக்கற பக்கம் வெளியே. முந்தானை வெளியே தெரிய சேலையை மடிக்கற மடிப்பு சார் இது. ஜவுளிக்கடைக் கை. அண்ணன் பட்டியில இதை வச்சது உங்க கடைக்காரங்க.”

 எங்கள் பின்னாலேயே உள்ளே வந்து நின்றிருந்த முருகன் கதவை உள்பக்கமாகத் தாளிட்டான்.

“பெர்சு, கெளம்ப நேரமாவும் போலகீதே,” என்றான் என் காதருகே.

“அவசரமில்லப்பா. வெளியே வெயில்.”

வெள்ளைத்துரை மெல்ல எழுந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். அது அடியைவிட மோசமாக இருந்தது.

“உன்னைப் பெரிய ஆளுன்னு சொன்னாங்க. ஏம்மா, என் ஆளுங்க அத்தனை பேரும் லாரிக் கிளீனருங்க, ஒருத்தனும் கடையில வேலை பாக்கலை. நானா? முப்பத்தஞ்சு வருசமா கல்லாவுல உக்காந்திருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சேலை மடிச்சதில்ல. பாரு!”

தாளை எடுத்து அவரே மடித்தார். நாலு முறை முயன்றார். கடைசியில் வந்த வடிவத்தைப் பார்த்தால் வரைபடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுத்த காகிதம் என்பார்கள். மேசையில் விட்டெறிந்தார்.

மெஹக்கின் காதுமடல் சிவந்தது. அவள் தோற்று நான் பார்த்தது இது இரண்டாவது முறை. முதல் முறை என்னோடு சீட்டாடியபோது. அப்போது நான் ஏமாற்றினேன்.

அவளுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்க நான் எழுந்து சுவரில் இருந்த புகைப்படங்களைப் பார்ப்பதுபோல நடந்தேன். நடு வரிசையில் ஒரு பழைய படம். கடை திறந்த அன்று எடுத்தது. கல்லாவில் மாலையோடு இளவயது வெள்ளைத்துரை. அவருக்குப் பின்னால், மேடை மேல், ஒரு மனிதர் பாதி மடித்த பட்டுச்சேலையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். அதே மூக்கு, அதே நெற்றி. இரண்டு வயதோ மூன்று வயதோ மூத்தவர்.

“மெஹக்,” என்றேன். “இங்க வந்து பாரேன். பொறந்ததுல இருந்து மாடுன்னாரே, இந்த...”

மெஹக் பக்கத்தில் வந்து நின்று படத்தைப் பார்த்தாள். பார்த்த அதே நொடியில் என் வலது காலின் கட்டைவிரல் மேல் தன் முழு எடையையும் வைத்தாள்.

“இந்த மூலையில ஒட்டடை,” என்று முடித்தேன்.

திரும்பியபோது பேச்சியம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எரித்திருந்தால் இன்று இந்தக் கதையை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. சேலை மடித்த கை அண்ணனுடையது. அப்படியானால் அந்தப் பொய் வட்டத்தைப் போட்டு, தாளைப் பட்டியில் விட்டுவிட்டுப் போனவரும் அவரே. அவர் தொலைந்து போகவில்லை. ஒளிந்திருக்கிறார். யாரிடமிருந்து?

மெஹக் மறுபடி உட்கார்ந்து, கசங்கிய தாளை நீவி நீவி விரித்தாள். பேச்சியம்மாளின் செம்பு கீழ்ப்பக்க இடது மூலைக்குத் தானாகவே போய் உட்கார்ந்தது.

“தப்பு என்னுதுதான் சார். மன்னிச்சுக்கோங்க.”

“மன்னிப்பு எதுக்கு? இடத்தைச் சொல்லு. மணி பன்னெண்டாவுது. அவரு எங்க இருந்தாலும் சரி, லாரி எது வரைக்கும் போகும்? அதைச் சொல்லு முதல்ல.”

“லாரியா?”

“மூணு லாரி அடிவாரத்துல ரெடியா நிக்குது.”

“அண்ணன் அவ்வளவு கனமா சார்?” என்றேன். “ஒருத்தரைக் கூட்டிண்டு வர ஒரு ஜீப்பு போதாதோ?”

“நீ வாயை மூடுதியா ஓய்!”

மூடினேன். ஆனால் கேள்வி மேசை மேல் கிடந்தது. அண்ணன் நாளைக்கு மாட்டோடு அந்தக் காட்டில் நிற்க வேண்டும் என்றால், மாடு நடந்தே வரும். லாரியில் ஏற்றினால் மாடு காட்டுக்கு வராது. காட்டை விட்டுத்தான் போகும். போனால் கமிஷனர் எண்ணுவதற்கு ஒரு வால் கூட இருக்காது.

மெஹக் அவசரப்படவில்லை. தாகம் என்பதுபோல் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். குடிக்கும்போது அவள் கண் மட்டும் கீழே பார்த்தது. செம்பு இருந்த இடத்தில் ஈர வளையம். வளையத்துக்குள் என்ன இருந்தது என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் செம்பை அதே வளையத்தில், ஒரு நூல் பிசகாமல், திரும்ப வைத்தாள்.

பேச்சியம்மாளின் கை முந்தானையை விட்டது. அதுவரை இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“இதோ பாருங்க சார்.” மெஹக்கின் விரல் தாளின் உச்சிக்கு, பென்சில் வட்டத்துக்கும் மேலே போனது. “கூனிப்பாறை. உங்க ஆட்கள் இன்னும் பார்க்காத இடம். இந்த ரெட்டைச் சிவப்புக் கோடு தார் ரோடு. பாறை வரைக்கும் போய் அங்க முடியுது.”

“லாரி போகுமா?”

“தாராளமா போகும்.”

வெள்ளைத்துரை பளபளப்பான போனை எடுத்தார். “ஏலே, மூணு லாரியையும் கூனிப்பாறைக்கு விடு. ஆமா, வடக்க. எல்லாரும் ஏறுங்க, ஒருத்தனும் அடிவாரத்துல நிக்கக் கூடாது. நானும் இப்பவே கிளம்புதேன், என் கார் வந்து முன்னால ஏறுத வரைக்கும் பாறை ரோட்டு முனையில நில்லுங்க. முருகா, காரை எடு!” எங்களைத் திரும்பிப் பார்த்தார். “அங்க அவரு இல்லைன்னு வையி, மெட்ராஸ்ல ஒரு தெருவுல நீ கடை போட முடியாது.”

“நாங்க கடையே போடலையே சார்,” என்றேன். “மாடி வாடகைதான்.”

வாசல் வரை பேச்சியம்மாள் வந்தாள். வெள்ளைத்துரை பின்னாலேயே நின்றார்.

“தண்ணி குடிச்சீகளா?” என்றாள். குரலில் இன்னும் அதே முள்.

“குடிச்சேன்மா. நல்ல தண்ணி,” என்றாள் மெஹக். “மே மாசத்துலயும் வத்தாது போலிருக்கு.”

பேச்சியம்மாள் கதவைச் சாத்தினாள்.

ஆட்டோவில் ஏறியதும் என் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே கேட்டேன். “செம்புக்கு அடியில என்ன?”

“ஒரு நீலப் புள்ளி. சுனை. அந்தத் தாள் பூரா தேடினாலும் வத்தாத தண்ணி அது ஒண்ணுதான். சுத்தி உயரக் கோடெல்லாம் குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு நிக்குது. மூணு பக்கம் மலை, ஒரு பக்கம் சின்ன வாசல். உள்ள கோடுங்க தள்ளித் தள்ளி இருக்கு, அதாவது சமதளம், புல்லு. வெளியில இருந்து பார்த்தா ஒரு கொம்பு கூடத் தெரியாது. அங்கேருந்து அவங்க காட்டுக்கு ஒத்தையடிப் பாதை ஏழு கிலோமீட்டர். விடியக்காலம் கிளம்பினா பத்து மணிக்கு மாடு காட்டுல மேஞ்சுண்டிருக்கும்.”

“அந்த அம்மா நமக்குக் காட்டிக் கொடுத்தாளா?”

“நமக்கா? நம்மகிட்டேருந்து மறைச்சா மாமா. எடுக்கச் சொன்ன அப்புறமும் ரெண்டு தடவை அதே இடத்துல வச்சா. மறைக்கறவங்கதான் இடத்தை மறக்கமாட்டாங்க.”

“இருந்தாலும் கேஸ் கொடுத்தவருக்குப் பொய் சொல்லலாமோ?”

“ஒரு பொய்யும் சொல்லலை. அண்ணனைக் கண்டுபிடின்னார், கண்டுபிடிச்சாச்சு. நாளைக்குப் பத்து மணிக்குக் கமிஷனர் முன்னாடி ஒப்படைக்கறோம். லாரி போகுமான்னு கேட்டார், போகும்னேன். கடைசி ஒன்பது கிலோமீட்டருக்கு ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கோடு ஒட்டிக்கிடக்கு. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பள்ளம். வண்டி திரும்ப இடம் இருக்கான்னு அவர் கேட்கவே இல்லை.”

பாண்டி பஜார் முனையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். “மாமா, உங்க குடையை அவங்க வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்க.”

“நான் குடையே கொண்டுவரலையே.”

“அப்போ தேட நேரமாகும். அவர் கார் கிளம்பினதும் போங்க.”

போனேன். வீட்டில் சமையல்காரி மட்டும். இல்லாத குடையை நான் அரை மணி நேரம் தேடினேன். அவளும் சேர்ந்து மாடி வரை தேடினாள். பாவம், நல்ல மனுஷி. மாடியில் நாங்கள் கட்டிலுக்கடியில் குனிந்திருந்தபோது, கீழே பேச்சியம்மாள் வாசல் வழியாக நடந்து போய் மெஹக்கின் ஆட்டோவில் ஏறினாள். எழும்பூரில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்; ரயில் ஏறும் வரை எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டி நகரும்போது மட்டும், “முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா, உங்களை நம்பலாம்னு,” என்று திட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு முதல் போன் வந்தது. கூனிப்பாறையிலிருந்து வெள்ளைத்துரை. அவர் என் பரம்பரையைப் பற்றிச் சொன்னவற்றை எழுதினால் இந்தப் பக்கம் தீப்பிடிக்கும். பின்னணியில் மூன்று லாரிகள் ரிவர்ஸில் உறுமும் சத்தமும், “ரைட்டு கட் பண்ணு, ஐயோ, லெப்ட்டு” என்ற முருகனின் குரலும் கேட்டன. விடியற்காலையில் அவருடைய கார் முன்னால் ஏற, லாரிகள் பின்னாலேயே ஏறியிருந்தனவாம். லாரிகள் நகர்ந்தால்தான் கார் நகரும்.

இரண்டாவது போன் பேச்சியம்மாளிடமிருந்து, அவர்கள் வக்கீலின் செல்லில். “கமிஷனரு ரெண்டு தடவை எண்ணுனாரு. அறுபத்து நாலு. சுனையில ஒண்ணு கன்னு ஈனியிருக்கு. எழுதிக்கிட்டாரு. காடு காடாவே இருக்கும்.” பிறகு, “இந்தா, இவுக உங்ககிட்டப் பேசணுங்காக.”

முரட்டுக் குரல் ஒன்று வந்தது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“அந்தப் படம் இப்ப யார்ட்ட இருக்கு?” என்றார் வெள்ளைச்சாமி.

“உங்க தம்பிகிட்டதான் இருக்கு.”

“எப்படி மடிச்சு வச்சிருக்கான்?”

நான் உண்மையைச் சொன்னேன். பஜ்ஜிக் காகிதம் வரை. சிரிப்பார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஏதோ ஒரு மாட்டை அதட்டினார்.

“இருபத்திரண்டு வருசம் அவன் கல்லாவுக்குப் பின்னால நின்னு மடிச்சேன்,” என்றார். “ஒரு நாள் கூடத் திரும்பிப் பாக்கலை.”

போனை வைத்துவிட்டார்.